ஸ்திரீகளின் குடலும் சர்க்காரின் அளவுகோலும்

கிணற்று ஜலத்தையோ வாய்க்கால் ஜலத்தையோ சோதனைச் சாலைக்கு அனுப்பினால் அங்கிருந்து ஒரு காகிதம் வருகிறது. ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு, பாஷாணம் இவ்வளவு, பூச்சிமருந்து இவ்வளவு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அனுமதித்த அளவுக்கு உட்பட்டது' என்று குறித்திருக்கும். அதைக் கண்டு உத்தியோகஸ்தர்கள் திருப்தி அடைகிறார்கள். ஜனங்களும் திருப்தி அடைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஜலத்தைக் குடிப்பவர் ஈயத்தைத் திங்கட்கிழமையும் காட்மியத்தைச் செவ்வாய்க்கிழமையுமாகக் குடிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே மடக்கில் குடிக்கிறார். அவர் ஆணா பெண்ணா, வயிறார உண்பவரா, ரத்தம் வற்றியவரா என்று விசாரிக்க அந்தக் காகிதத்தில் இடமே கிடையாது.

இவ்விரு குறைகளையும் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். பல விஷங்கள் ஒன்றுகூடிக் குடலுக்குள் செல்லும்போது நேரும் கேட்டை, ஒவ்வொன்றையும் தனியே அளந்து அறிந்துவிட முடியாது. அப்படி நேரும் கேடும் இருபாலாருக்கும் ஒரே மாதிரி விளைவதில்லை. இவை விஞ்ஞான சாஸ்திரிகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய நுட்பங்கள், அரசியல் ஊழியர்களுக்கு இதில் வேலை இல்லை என்று நமது நண்பர்களில் சிலர் எண்ணக்கூடும். ஒரு நதிக்கரையின் ஜனங்கள் இவ்வுண்மையை எலும்பு முறிய அனுபவித்தே அறிந்தார்கள். அவர்களுக்கு நியாயம் கிடைத்ததும் சோதனைச் சாலையினால் மட்டும் அன்று, கிளர்ச்சியினாலும் வழக்கினாலுமே.

ஜப்பானில், அத்தேசத்தின் மேற்குக் கடலை அடுத்து, தோயாமா என்று ஒரு ஜில்லா உண்டு. ஜின்ஸு என்னும் நதி அதன் வயல்களுக்குப் பாய்ந்து கடலில் கலக்கிறது. நதிக்கு மேலே மலைப் பிரதேசத்தில் மிட்ஸுயி கம்பெனியாருடைய காமியோகா சுரங்கம் இருந்தது. அங்கே துத்தநாகமும் ஈயமும் எடுத்து வந்தார்கள். துத்தநாகத் தாதுவில் காட்மியம் என்னும் உலோகமும் கலந்திருப்பது இயல்பு. சுரங்கத்தின் கழிவு நதியில் இறங்கிற்று. நதியின் ஜலம் வயலில் ஏறிற்று. நெற்பயிர் அந்தக் காட்மியத்தை வேரால் உறிஞ்சி மணியிலே கொண்டுபோய் வைத்தது. சோறு உண்ணும் தேசத்தார் யாவரும் இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

அந்தக் கிராமங்களில் ஒரு விசித்திரமான வியாதி தோன்றிற்று. முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி காணும். பிறகு நடை தள்ளாடும். பின்னர் எலும்புகள் மெலிந்து வளையும், உயரமே குறைந்துபோகும், இருமினாலும் விலா எலும்பு முறியும். சிறுநீரகம் முன்னதாகவே கெட்டிருக்கும். நோயாளிகள் இடைவிடாது 'இதாய், இதாய்' என்று அலறினார்கள். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது அதன் பொருள். அந்த அலறலே வியாதிக்குப் பெயராயிற்று. பூர்வ வினைப் பயன் என்று சொல்லி நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்து வைத்த குடும்பங்களும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்நோய் கண்டவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகள், அவர்களிலும் பல பிள்ளைகளைப் பெற்று மாதவிடாய் நின்ற வயதை எட்டியவர்கள். பின்னாளில் சர்க்கார் நோயாளிகள் என்று அங்கீகரித்தவர் தொகை சுமார் 200. அத்தொகையில் ஆண்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே.

வியாதியின் காரணம் பற்றி முதலில் என்ன சொன்னார்கள்? போதாத ஆகாரம் என்றார்கள். வயல் வேலையின் கடுமை என்றார்கள். ஓயாத பிரசவம் என்றார்கள். அதாவது, குற்றம் அந்த ஸ்திரீகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது, வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை என்று ஆயிற்று. 1946-ல் யுத்தத்திலிருந்து திரும்பித் தம் ஊரில் வைத்தியம் பார்த்த ஹகினோ நொபோரு என்னும் டாக்டர், இவர்களைப் பல வருஷங்கள் பார்த்துப் பார்த்துக் கடைசியில் சுரங்கத்தின் கழிவை நோக்கி விரலை நீட்டினார். அவரைப் பழித்தவர்கள் பலர். 1961-ல் காட்மியமே காரணம் என்ற முடிவு வெளியிடப்பட்டது. 1968 மார்ச்சில் ஜனங்கள் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அதே வருஷம் மே மாதத்தில் ஜப்பான் சர்க்காரின் சுகாதார இலாகா, இது கம்பெனியின் கழிவால் விளைந்த நோயே என்று ஒப்புக்கொண்டது. 1971-ல் ஜில்லாக் கோர்ட்டிலும், 1972-ல் அப்பீலிலும் ஜனங்களே வென்றார்கள். கெட்டுப்போன வயல் மண்ணை மாற்றிச் சீர்செய்யும் வேலையோ முப்பது வருஷங்களுக்கு மேல் நீடித்து 2012-ல்தான் முடிந்தது.

அந்தச் சுகாதார இலாகாவின் முடிவில் ஒரு நுட்பம் உண்டு. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதன்மேல் கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல், சுரப்பிகளின் சமநிலைக் குலைவு, மூப்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஆகியவை சேர்ந்தபோது எலும்பு நோய் உண்டாயிற்று என்று அதில் கண்டிருந்தது. முன்னே சொன்ன ஆகாரக் குறைவும் பிரசவமும் பொய் அல்ல என்று இதனால் ஏற்படுகிறது. ஆனால் அவை விஷத்திற்குப் பதிலாக நின்ற காரணங்கள் அல்ல. விஷத்தோடு கைகோத்து நின்றவை. அவற்றை மட்டும் எடுத்துச் சொல்லி விஷத்தை மறைப்பது கம்பெனிக்கு அநுகூலம். விஷத்தை மட்டும் சொல்லி அவற்றை மறப்பது, ஸ்திரீகள் ஏன் இத்தனை பேர் விழுந்தார்கள் என்ற கேள்விக்கு விடையின்றி நிற்பது.

அந்தக் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. நாம் உண்ணும் உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சிறுகுடலின் மேற்பகுதியிலுள்ள அணுக்கள் ஒரு தனி வாயில் வழியே உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உடலில் இரும்பு குறைந்தால் குடல் அந்த வாயில்களைப் பெருக்குகிறது. கிடைப்பதில் ஒரு துளியும் வீணாகக் கூடாதென்று தேகம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அந்த வாயிலுக்கு இரும்பு எது, காட்மியம் எது என்று பிரித்தறியத் தெரியாது. இரும்புக்காகத் திறந்த கதவில் காட்மியம் நுழைகிறது. 1978-ல் வெளியான ஒரு பரீட்சையில், இரும்புச் சேமிப்புப் போதிய அளவு உள்ளவர்கள் தாம் உண்ட காட்மியத்தில் 100-க்குச் சுமார் 2 பங்கையே ஏற்றார்கள். அந்தச் சேமிப்பு வற்றியவர்கள் சுமார் 9 பங்கை ஏற்றார்கள். உள்ளே புகுந்த காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருஷங்கள் வரை தங்கிவிடக்கூடியது. ஈயத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்; இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் அதை அதிகமாக வாங்கிக்கொள்கிறது. அது எலும்பிலே பதுங்கியிருந்து, கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்தில் இறங்குகிறது.

மாதந்தோறும் ரத்தம் இழப்பவர் யார்? கர்ப்பத்தில் தம் இரும்பைச் சிசுவுக்குக் கொடுப்பவர் யார்? வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர் யார்? இதற்கு விடை சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. 2019 முதல் 2021 வரை நமது தேசத்தில் நடந்த தேசீயக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 57 பேர் ரத்த சோகை உடையவர்களாகக் காணப்பட்டார்கள். புருஷர்களில் அத்தொகை 25. ரத்த சோகை முழுவதும் இரும்புக் குறைவால் வருவதன்று. எனினும் அதன் பெரிய காரணங்களில் அது ஒன்று. ஆகவே ஒரே பானையில் சமைத்த சோற்றை ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் உண்டாலும், அவரவர் உடம்பில் சேரும் விஷம் ஒன்றாக இராது. 'அனுமதித்த அளவு' என்று எழுதிய சோதனைச் சாலை இந்த மனைவியைக் கண்டதே இல்லை.

ஸ்திரீகளுக்கே எல்லா விஷத்திலும் ஆபத்து அதிகம் என்று நாம் சொல்லவில்லை. வங்கத்தின் கதை வேறு விதம். அங்கே காலராவுக்கும் பேதிக்கும் அஞ்சிக் குளத்து ஜலத்தை விட்டு, 1970-க்குப் பின் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். மண்ணுக்கடியில் இயற்கையாகவே இருந்த பாஷாணம், அதாவது ஆர்ஸெனிக், அந்த ஜலத்தோடு மேலே வந்தது. இந்தப் பாஷாணத்தால் தோலில் உண்டாகும் புள்ளியும் தடிப்பும் ஆண்களுக்கே அதிகமாகக் காணப்பட்டன. உடம்பு இந்த விஷத்தை வேறு உருவமாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்ற முயல்கிறது. பிள்ளை பெறும் வயதுள்ள ஸ்திரீகளின் தேகம் இவ்வேலையைச் சற்றுத் திறமையாகவே செய்கிறது. இதற்குமேல் ஆண்கள் புகையிலையை வேறு பிடிக்கிறார்கள். பாஷாண ஜலம் குடிப்பவர் புகையும் பிடித்தால் தோல் நோயின் ஆபத்து மேலும் ஏறுவதைப் பங்களா தேசத்தில் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. புகையிலையில் காட்மியமும் இருக்கிறது என்பதை இங்கே ஞாபகமூட்டுகிறோம். நமது பொதுக்கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து புகை விடுகிற நண்பர்கள் இதைக் கவனித்தால் கூட்டத்துக்கும் நலம், அவர்களுக்கும் நலம்.

குடலில் வேறொரு ஜன சமூகமும் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி அங்கே வாழ்ந்து, நாம் உண்டதைச் செரிக்க உதவி, சில சத்துக்களை உண்டாக்கி, நோய்க் கிருமிகள் இடம் பிடிக்காதபடி காவல் செய்கின்றன. இவற்றின் வாழ்வும் ஆண் பெண் சுரப்பிகளின் போக்கோடு பிணைந்தது. 2013-ல் வெளியான ஒரு பரீட்சையில், ஆண் சுண்டெலியின் குடல் நுண்ணுயிர்களை இளம் பெண் சுண்டெலிகளுக்குள் வைத்தார்கள். அவற்றின் உடலில் ஆண்மைச் சுரப்பு உயர்ந்தது. அந்த இனத்துப் பெண் சுண்டெலிகளுக்கு வழக்கமாக அதிகம் வரும் நீரிழிவு பெரும்பாலும் தடைபட்டது. 2017-ல் டயஸினான் என்னும் பூச்சிமருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, குடல் நுண்ணுயிர்களின் குலைவு பெண் சுண்டெலியைவிட ஆண் சுண்டெலியில் கடுமையாக இருந்தது. சுண்டெலி மனிதன் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆயினும் ஒரு பாலின் குடலில் கண்டதை மற்றொரு பாலுக்கு அப்படியே ஒட்டவைப்பது பிழை என்று காட்ட இது போதும்.

அந்தப் பிழையைத்தான் வெகுகாலம் செய்து வந்திருக்கிறார்கள். பிராணிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளைக் கணக்கெடுத்து 2011-ல் ஒரு மதிப்புரை வெளிவந்தது. பத்துத் துறைகளில் எட்டில் ஆண் பிராணிகளே அதிகமாகப் பயன்பட்டன. நரம்பு சாஸ்திரத்தில் ஆண் பிராணியை மட்டும் வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், பெண் பிராணியை மட்டும் வைத்துச் செய்தவற்றைப்போல் ஐந்தரை மடங்கு இருந்தன. பெண் பிராணியின் சுரப்பு மாறிக்கொண்டே இருக்கும், கணக்குக் குழம்பும் என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்குக் குழம்பும் என்பதற்காக மனித குலத்தில் பாதியைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவது என்ன விஞ்ஞானமோ தெரியவில்லை. அமெரிக்காவின் தேசீய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனம் தன் பணம் பெறும் ஆராய்ச்சிகள் இருபாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2016-ல்தான் விதி செய்தது.

இனி, பல விஷங்கள் கூடுவதன் விளைவு. 2002-ல் லண்டனில் எட்டு ரசாயனங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொன்றும் ஸ்திரீ சுரப்பியைப் பலவீனமாக அநுகரிப்பது. ஒவ்வொன்றையும், தனியே இருந்தால் எந்த விளைவும் தெரியாத அளவுக்குக் குறைத்தார்கள். பின்பு எட்டையும் கலந்தார்கள். விளைவு தெளிவாகத் தெரிந்தது. நமது கிராமத்துக் கடைக்காரனுக்கு இது ஆச்சரியமாக இராது. எட்டுப் பேர் தலைக்கு அரைக்கால் படி கடன் வாங்கினால் ஒரு படி போயிற்று என்று அவன் எழுதிக்கொள்வான். சர்க்கார் மட்டும் எட்டுப் பேரையும் தனித்தனியே அழைத்து, 'உன் கடன் அற்பம், போ' என்று அனுப்புகிறது.

நமது தேசத்துக் குடிநீர்த் தரவிதியை எடுத்துப் பார்ப்போம். 2012-ல் திருத்திய அவ்விதியில், ஒரு லிட்டர் ஜலத்தில் காட்மியம் 0.003 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம் என்று தனித்தனியே வரம்பு இருக்கிறது. பூச்சிமருந்துகளுக்கும் ஒவ்வொன்றாக ஒரு பட்டியல் உண்டு. குளோர்பைரிபாஸ் என்னும் மருந்துக்கு வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். எல்லாம் கூடினால் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. ஆனால் விலைக்கு விற்கும் பாட்டில் ஜலத்தின் கதி வேறு. 2003-ல் பாட்டில் ஜலத்தில் பூச்சிமருந்து இருப்பதாகப் பெருங் கூச்சல் எழுந்தது. உடனே விதி திருத்தப்பட்டது. எந்தப் பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது. ஐரோப்பிய தேசங்களில் குழாய் ஜலத்துக்கே உள்ள வரம்பு இது. குளோர்பைரிபாஸ் விஷயத்தில் தெருக்குழாயின் வரம்பு பாட்டிலின் வரம்பைவிட 300 மடங்கு தளர்ந்து நிற்கிறது. கூச்சல் போடக்கூடியவர்கள் குடிக்கும் ஜலத்துக்குக் கூட்டல் கணக்கு வந்தது. களையெடுத்துவிட்டுக் கைப்பம்பில் வாய் வைத்துக் குடிக்கும் ஸ்திரீக்கு வரவில்லை.

கூட்டல் கணக்கு அசாத்தியம் என்று நிபுணர்கள் சொல்லக்கூடும். உலோகம் ஒன்றோடொன்று எப்படிக் கலந்து வேலை செய்யும் என்பதை முழுதும் அறிய நூறு வருஷம் ஆகலாம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முதற்படி எளிது. ஒவ்வொரு விஷமும் தன் வரம்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்த்து, ஒரே உறுப்பைத் தாக்குகிறவற்றின் பங்குகளைக் கூட்ட வேண்டும். உதாரணமாக, காட்மியம் வரம்பில் 0.8 பங்கு, ஈயம் 0.7 பங்கு என்றால் கூட்டுத்தொகை 1.5. ஒன்றைத் தாண்டினால் அந்த ஜலம் சந்தேகத்துக்குரியது. உலக சுகாதார ஸ்தாபனம் நைட்ரேட், நைட்ரைட் என்னும் இரண்டு உப்புக்களுக்கு இந்தக் கணக்கையே சிபார்சு செய்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் செய்யக்கூடிய கூட்டல் இது.

மற்றொரு சமாதானமும் எழும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டால் வாயில் அடைபடுமே, தொழிற்சாலைகளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்பார்கள். மாத்திரை அவசியந்தான். 2018-ல் தொடங்கிய ரத்த சோகை ஒழிப்புத் திட்டத்தின் மாத்திரைகள் ஸ்திரீகளின் கைக்குச் சேருகின்றனவா, சேர்ந்தவற்றை உண்கிறார்களா என்று நமது ஊழியர்கள் வீடு வீடாக விசாரிப்பது நல்ல தொண்டு. ஆனால் தோயாமாவில் ஆகாரக் குறைவு என்று சொல்லிக் கழித்த வருஷங்களை நாம் மறக்கவில்லை. மாத்திரை கொடுத்தோம் என்பதே கழிவை இறக்குவதற்கு உத்தரவுச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

சட்டத்திலும் நமக்கு ஆதாரம் இல்லாமற் போகவில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் பிரதேசம் கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். பூரண நிரூபணம் கிடைக்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டிப் பெருங் கேட்டைத் தடுக்கும் முயற்சியைத் தள்ளிவைக்கக் கூடாது. தன் செய்கையால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது. கெடுத்தவனே செலவைத் தாங்க வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம். வேலூர் ஜில்லா ஜனங்கள் வாதாடிப் பெற்ற இந்தத் தீர்ப்பைக் கூட்டு விஷத்துக்கும் பிரயோகிக்கத் தடை என்ன?

சட்டசபை அங்கத்தினர்களும் நகரசபை அங்கத்தினர்களும் கேட்பதற்குச் சில கேள்விகளை இங்கே தருகிறோம். ஆலைக் கழிவு இறங்கும் ஆற்றுப் படுகைகளில் ஜனங்களின் ரத்தத்தில் ஈயமும் காட்மியமும், சிறுநீரில் பாஷாணமும் எவ்வளவு என்று பரீட்சை செய்ய உத்தேசம் உண்டா? செய்தால் ஸ்திரீகளின் கணக்கையும் புருஷர்களின் கணக்கையும் தனித்தனியே பிரசுரிப்பார்களா? அந்த ஸ்திரீகளின் இரும்புச் சேமிப்பையும் அதே ரத்தத்தில் பார்ப்பார்களா? அந்த வயல்களின் அரிசியைச் சோதித்தது எப்போது? பாட்டில் ஜலத்துக்கு இருக்கும் மொத்த வரம்பு தெருக்குழாய்க்கும் கைப்பம்புக்கும் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வரும்?